மருத்துவ விடுவிப்பா, வழக்கமான ஓய்வா? பிரிட்டிஷ் சிப்பாய்கள் எதிர்கொள்ளும் கேள்வி

பிரிட்டிஷ் இராணுவத்தில் ஒரே நாளில் சேர்ந்து, ஒரே படைப்பிரிவில் பணியாற்றி, ஒரே விதமான முதுகுத்தண்டுப் பாதிப்புடன் வெளியேறும் இரண்டு சிப்பாய்கள், வெளியேறிய மறு மாதத்திலிருந்து முற்றிலும் மாறுபட்ட தொகைகளைப் பெற நேரலாம்.

இவர்களில் ஒருவர் மருத்துவக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவராக இருப்பார். மற்றவர் ஒப்பந்தக் காலம் முடிந்தோ, தாமாக விலகல் அறிவிப்புக் கொடுத்தோ வழக்கமான முறையில் வெளியேறியவராக இருப்பார். இருவரது உடலிலும் உள்ள பாதிப்பு ஒன்றுதான். ஆனால் ஓய்வூதியம் எப்போது தொடங்குகிறது, அதற்கு வருமான வரி உண்டா, விலைவாசிக்கு ஏற்ப அது உயருமா ஆகிய மூன்று விஷயங்களிலும் அவர்களது நிலை வேறுபடக்கூடும். வெளிநாட்டிலிருந்து வந்து படையில் சேர்ந்தவராக இருந்தால், பிரிட்டனில் தங்கும் உரிமையைப் பெறுவதற்கான செலவிலும்கூட வேறுபாடு ஏற்படலாம்.

ஆகவே, காயத்துடனோ நோயுடனோ பணியாற்றிவரும் ஒரு சிப்பாய்க்கு, எந்த வழியில் வெளியேறுவது என்ற கேள்வி வாழ்நாள் முழுவதும் விளைவுகளை ஏற்படுத்தக்கூடிய ஒன்றாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலான நேரங்களில் அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் அவரிடம் இருப்பதில்லை என்பதே இந்த விவகாரத்தின் மையமான சிக்கல்.

ஒரே கூரையின் கீழ் இரு தரப்பினர்

லண்டனின் செல்சீ பகுதியில், தேம்ஸ் நதிக்கு அருகே உள்ள ராயல் ஹாஸ்பிட்டல், இரண்டாம் சார்ல்ஸ் மன்னரால் 1682ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்த அந்த இல்லத்தில் 1692ஆம் ஆண்டு முதல் முன்னாள் சிப்பாய்கள் தங்கவைக்கப்பட்டனர். முதுமையால் தளர்ந்தவர்கள், போரால் உடல் சிதைந்தவர்கள் ஆகிய இரு தரப்பினருக்கும் அது அடைக்கலம் தர வேண்டும் என்பதே அதன் நோக்கமாக இருந்தது. சிவப்பு மேலங்கி அணிந்த செல்சீ ஓய்வூதியர்கள் இன்றும் அங்கே வசிக்கிறார்கள்.

இந்த இரு தரப்பினரையும் ஒரே கூரையின் கீழ் வைத்த அந்தப் பழைய அணுகுமுறை, நவீன ஓய்வூதியச் சட்டங்களில் நீடிக்கவில்லை. பணிக்காலத்தை முடித்தவருக்கு ஒரு விதி, உடல்நலம் குன்றியதால் அனுப்பப்பட்டவருக்கு வேறொரு விதி, சேவையால் காயமடைந்தவருக்கு மூன்றாவது விதி என்று அவை பிரிந்தன. ஒரே மனிதர் இந்த மூன்று பிரிவுகளுக்கும் பொருந்துபவராக இருக்கும்போதுதான் பிரச்சினை எழுகிறது.

யார் முடிவு செய்கிறார்கள்?

பிரிட்டனில் ஒரு சிப்பாய் தமது விருப்பப்படி மருத்துவ விடுவிப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது. அவரது உடல்நிலையை இராணுவ மருத்துவர்கள் மதிப்பிட்டு, அவரை முழுமையாகக் களப்பணிக்கு அனுப்பலாமா, கட்டுப்பாடுகளுடன் அனுப்பலாமா, அனுப்பவே கூடாதா என்று தரப்படுத்துகிறார்கள். நீண்டகாலப் பாதிப்பு இருந்தால் விவகாரம் மருத்துவக் குழுவின் முன் செல்கிறது. படைச் சேவைக்கு அவர் தகுதியற்றவர் என்று அந்தக் குழு முடிவு செய்தால், விடுவிப்புக்கான நடைமுறை தொடங்குகிறது.

மருத்துவக் குறைபாடு இருந்தாலும், அலுவலகப் பணி, பயிற்சிப் பணி போன்றவற்றில் ஒருவரைத் தொடர்ந்து வைத்திருக்க இராணுவம் தீர்மானிக்க முடியும். அனுபவம் மிக்க ஒரு சார்ஜென்ட் பயிற்சி முகாமில் பயன்படுவார் என்று கருதப்பட்டால், அவர் அங்கேயே தக்கவைக்கப்படலாம். அப்படித் தக்கவைக்கப்பட்டவர் தமது காலத்தை முடித்துக்கொண்டு செல்லும்போது, அவர் வெளியேறுவது வழக்கமான ஓய்வாகவே பதிவாகும்.

அதாவது, காயத்தை மீறிப் பணியில் நீடித்தவருக்கு, அதற்காகவே சில சலுகைகள் கிடைக்காமல் போகின்றன. இதுவே முன்னாள் படையினர் பலரின் நீண்டகால மனக்குறை.

சிப்பாயின் கையில் இருக்கும் முடிவுகள் வேறு. வலியை எப்போது மருத்துவரிடம் சொல்வது, விலகல் அறிவிப்பை எப்போது கொடுப்பது, மருத்துவக் குழுவின் முடிவு வரும்வரை காத்திருப்பதா என்பவை அவர் தீர்மானிக்க வேண்டியவை. இராணுவத்தில் சாதாரண சிப்பாய் ஒருவர் பொதுவாக 12 மாத அறிவிப்புக் கொடுத்தே விலக முடியும். அந்த 12 மாதங்களுக்குள் உடல்நிலை பற்றிய முடிவு எட்டப்படாவிட்டால், அவர் எந்த வகையில் வெளியேறியவராகக் கருதப்படுவார் என்பதே கேள்விக்குரியதாகிவிடுகிறது.

இரண்டு வெவ்வேறு கேள்விகள்

பிரிட்டிஷ் முறையைப் புரிந்துகொள்ள, அதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் உள்ளன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலாவது ஓய்வூதியம் தொடர்பானது. இவரால் இனி வேலை செய்ய முடியுமா என்பது அந்தக் கேள்வி. பாதிப்புக்கான காரணம் என்ன என்பது இங்கே முதன்மையானது அல்ல. போர்முனையில் குண்டடி பட்டவரும், விடுமுறையில் சொந்த ஊரில் சாலை விபத்தில் சிக்கியவரும் உடல்நலக் குறைவுக்கான ஓய்வூதியம் பெறத் தகுதியுடையவர்களாக இருக்கலாம்.

இரண்டாவது இழப்பீடு தொடர்பானது. இந்தப் பாதிப்பு இராணுவச் சேவையால் ஏற்பட்டதா என்பது அந்தக் கேள்வி. இங்கே எந்த வழியில் வெளியேறினார் என்பது முதன்மையானது அல்ல. பணியில் இருப்பவர்கூட இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

மருத்துவ விடுவிப்பு உத்தரவு கையில் கிடைத்துவிட்டால் இழப்பீடு தானாகவே வந்துவிடும் என்று கருதுபவர்கள் உண்டு. அதேபோல, வழக்கமான முறையில் ஓய்வு பெற்றுவிட்டால் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடும் என்று நினைத்து விண்ணப்பிக்காமலே இருந்துவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே தவறான எண்ணங்கள்.

ஓய்வூதியக் கணக்கு

இரு வழிகளுக்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது, சிப்பாய் எந்த ஓய்வூதியத் திட்டத்தைச் சேர்ந்தவர், எத்தனை ஆண்டுகள் பணியாற்றினார் என்பதைப் பொறுத்தது.

1975ஆம் ஆண்டுத் திட்டத்தில், அதிகாரி அல்லாத ஒருவர் 18 வயதிலிருந்து 22 ஆண்டுகள் பணியாற்றினால், வெளியேறிய உடனேயே அவருக்கு ஓய்வூதியம் தொடங்கும். அதற்கு முன்னரே தாமாக விலகினால், 60 அல்லது 65 வயது வரை காத்திருக்க வேண்டும். ஆனால் மருத்துவக் காரணத்துக்காக விடுவிக்கப்பட்டவர் இரண்டு ஆண்டுகள் பணியாற்றியிருந்தாலே உடனடி ஓய்வூதியம் பெற முடியும்.

22 ஆண்டுகளை முடித்தவரைப் பொறுத்தவரை, இரு வழிகளிலும் தொடக்கத் தொகையில் பெரிய வேறுபாடு இராது. ஆனால் வழக்கமான ஓய்வூதியம் 55 வயது வரை உயர்த்தப்படாமல் அதே தொகையில் நிற்கும். மருத்துவ ஓய்வூதியமோ ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப உயரும். 40 வயதில் வெளியேறும் ஒருவருக்கு இது 15 ஆண்டுகால வேறுபாடு. மேலும், பாதிப்பு சேவையால் ஏற்பட்டது என்று ஏற்கப்பட்டால் மருத்துவ ஓய்வூதியத்துக்கு வருமான வரி கிடையாது. அதே பாதிப்புடன் 22 ஆண்டுகளை முடித்து வழக்கமாக ஓய்வு பெற்றவரின் ஓய்வூதியத்துக்கு வரி உண்டு.

2005 ஏப்ரல் 6ஆம் தேதி முதல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வேறொரு திட்டம் வந்தது. 18 ஆண்டுகள் பணியாற்றி 40 வயதையும் எட்டியவர்களுக்கு மட்டுமே முன்கூட்டி விலகுவோருக்கான கொடுப்பனவு என்ற விதியை அது கொண்டுவந்தது. 2015 ஏப்ரல் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திட்டம், அந்த 18 ஆண்டுகளை 20 ஆண்டுகளாக உயர்த்தியது. இந்த எல்லையை எட்டாமல் தாமாக விலகுபவர், 2005ஆம் ஆண்டுத் திட்டத்தில் 65 வயது வரையிலும், 2015ஆம் ஆண்டுத் திட்டத்தில் அரசு ஓய்வூதிய வயது வரையிலும் காத்திருக்க வேண்டும்.

இந்த இரு திட்டங்களிலும் மருத்துவ விடுவிப்பு மூன்று படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வெளி உலகில் வேலை தேடும் திறன் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்று கருதப்பட்டால், ஒரு மொத்தத் தொகை மட்டுமே கிடைக்கும். அத்திறன் கணிசமாகப் பாதிக்கப்பட்டால் உடனடி ஓய்வூதியம் உண்டு. முழுநேர வேலை எதையும் செய்ய இயலாது என்ற நிலை இருந்தால் அதைவிடக் கூடுதலான ஓய்வூதியம் வழங்கப்படும்.

எனவே மருத்துவ விடுவிப்பு எப்போதும் ஆதாயமானது என்று சொல்லிவிட முடியாது. 19 ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர் முதல் படிநிலையில் வைக்கப்பட்டால், இன்னும் ஓராண்டு தாக்குப்பிடித்து 20 ஆண்டு எல்லையைத் தொட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய மாதாந்திரக் கொடுப்பனவை அவர் இழக்க நேரலாம். 8 ஆண்டுகள் மட்டுமே பணியாற்றிய இளைஞருக்கோ நிலைமை தலைகீழ். கடுமையான பாதிப்புடன் இருக்கும் அவர், மருத்துவக் குழுவுக்குக் காத்திராமல் மனம் வெறுத்து விலகினால், பல பத்தாண்டுகளுக்கு ஓய்வூதியம் எதுவும் பெற மாட்டார்.

இந்தத் திட்டங்களுக்கு இடையிலான மாற்றமும் நீதிமன்றம் வரை சென்றது. 2015ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்போது வயது மூத்தவர்களுக்கு மட்டும் பழைய திட்டத்தில் நீடிக்கும் பாதுகாப்பு அளிக்கப்பட்டது பாரபட்சமானது என்று, நீதிபதிகளும் தீயணைப்புப் படையினரும் தொடுத்த வழக்குகளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு ஆயுதப் படைகளுக்கும் பொருந்தும் என்று அரசு ஏற்றுக்கொண்டது. இதன் விளைவாக, 2015 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரையிலான சேவைக்குப் பழைய திட்டமா, புதிய திட்டமா என்று பாதிக்கப்பட்டவர்களே தெரிவு செய்யலாம். மருத்துவ விடுவிப்புப் பெற்றவர்களுக்கு இந்தத் தெரிவு மிகவும் முக்கியமானது. ஏனெனில் உடல்நலக் குறைவுக்கான பலன்கள் திட்டத்துக்குத் திட்டம் மாறுபடுகின்றன.

நிரூபிக்கும் பொறுப்பு

2005ஆம் ஆண்டில் ஓய்வூதியத்துடன் இழப்பீட்டு முறையும் மாற்றப்பட்டது. அதற்கு முன்னர் ஏற்பட்ட பாதிப்புகளுக்குப் போர் ஓய்வூதியத் திட்டம் பொருந்தும். அத்திட்டத்தில், ஒருவர் சேவையை விட்டு விலகிய ஏழு ஆண்டுகளுக்குள் கோரிக்கை விடுத்தால், பாதிப்பு சேவையால் ஏற்படவில்லை என்பதை நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது அரசின் பொறுப்பு. சிப்பாய்க்குச் சாதகமான விதி இது.

2005 ஏப்ரல் 6ஆம் தேதிக்குப் பிந்தைய பாதிப்புகளுக்கான ஆயுதப்படை இழப்பீட்டுத் திட்டத்தில், பாதிப்புக்குச் சேவையே பிரதான காரணம் என்பதைச் சிப்பாய்தான் நிரூபிக்க வேண்டும். சாத்தியக்கூறுகளைச் சீர்தூக்கிப் பார்த்து முடிவெடுக்கப்படும். காயத்தின் கடுமை 15 நிலைகளாக வகுக்கப்பட்டு, அதற்கேற்ப மொத்தத் தொகை நிர்ணயிக்கப்படும். முதல் 11 நிலைகளில் உள்ளவர்களுக்கு, சேவையை விட்டு விலகிய பின்னர் வரி இல்லாத உத்தரவாத வருமானமும் உண்டு.

இந்தப் புதிய திட்டம், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் கடும் சோதனைக்கு உள்ளானது. 2006 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் கண்ணிவெடியில் சிக்கி இரு கால்களையும் இழந்து, மூளையிலும் காயமடைந்த பென் பார்க்கின்சன் என்ற சிப்பாய்க்கு முதலில் வழங்க முன்வந்த தொகை 1,52,150 பவுண்டு. பிரிட்டனில் இது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. ஒரே சம்பவத்தில் பல காயங்கள் ஏற்பட்டால் அவற்றைக் கணக்கிடும் விதி மாற்றப்பட்டது. அப்போது 2,85,000 பவுண்டாக இருந்த உச்சவரம்பு 2008ஆம் ஆண்டில் 5,70,000 பவுண்டாக இரட்டிப்பாக்கப்பட்டது. பின்னர் அது 6,50,000 பவுண்டாக உயர்ந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு மற்றொரு வழக்கு அரசுக்குச் சங்கடத்தை ஏற்படுத்தியது. ஈராக்கில் 2005ஆம் ஆண்டில் காலில் சுடப்பட்ட கார்ப்பரல் ஆன்டனி டங்கனுக்கு முதலில் 9,250 பவுண்டு வழங்கப்பட்டது. தீர்ப்பாயம் அதை 46,000 பவுண்டாக உயர்த்தியது. பயிற்சியின்போது தொடை எலும்பு முறிந்த மெரீன் படைவீரர் மாத்யூ மெக்வில்லியம்ஸுக்கான தொகையும் 8,250 பவுண்டிலிருந்து 28,750 பவுண்டாக உயர்த்தப்பட்டது. சிகிச்சையின்போது ஏற்பட்ட கூடுதல் பாதிப்புகளையும் கணக்கில் எடுக்கலாமா என்பதே சட்டக் கேள்வி. பாதுகாப்பு அமைச்சகம் மேல்முறையீடு செய்ததும், காயமடைந்த சிப்பாய்களுக்கு எதிராக அரசே நீதிமன்றம் செல்வதா என்று கண்டனங்கள் எழுந்தன. அட்மிரல் லார்ட் பாய்ஸ் தலைமையில் நடந்த மறுஆய்வின் அறிக்கை 2010 பிப்ரவரியில் வெளியானது. இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் கால அவகாசம் ஐந்து ஆண்டுகளிலிருந்து ஏழு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது அதன் விளைவுகளில் ஒன்று.

இங்கே கவனிக்க வேண்டிய ஓர் அம்சம், ஓய்வூதியமும் இழப்பீடும் ஒன்றோடொன்று கழிக்கப்படுவது. உடல்நலக் குறைவுக்கான ஓய்வூதியம் பெறுபவரின் உத்தரவாத வருமானத்திலிருந்து, அந்த ஓய்வூதியத்தின் 75 சதவீதத்துக்குச் சமமான தொகை குறைக்கப்படுகிறது. ஒரே இழப்புக்கு இருமுறை பணம் தருவதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்பது அரசின் வாதம். மருத்துவ ஓய்வூதியத்தையும் இழப்பீட்டையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்துத் திட்டமிடும் குடும்பங்களுக்கு, கடைசியில் கைக்கு வரும் தொகை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பது இதனால்தான்.

மௌனத்தின் விலை

இத்தகைய விதிகள் சிப்பாய்களின் நடத்தையையும் பாதிக்கின்றன. 16 அல்லது 17 ஆண்டுகள் பணியாற்றிய ஒருவருக்கு, முழங்கால் வலியை மருத்துவரிடம் சொன்னால் தரநிலை குறைக்கப்படும், பதவி உயர்வு பாதிக்கப்படும், எல்லையைத் தொடும் முன்பே வெளியேற்றப்படலாம் என்ற அச்சம் இருக்கும். எனவே வலிநிவாரணி மாத்திரைகளுடன் காலத்தை ஓட்டும் மனநிலை ஏற்படுகிறது.

ஆனால் மருத்துவக் குறிப்பேட்டில் பதிவாகாத காயம், பின்னர் நிரூபிக்கக் கடினமான காயமாகிவிடுகிறது. நிரூபிக்கும் பொறுப்பு சிப்பாயிடம் இருக்கும் ஒரு திட்டத்தில், அவரது மௌனமே அவருக்கு எதிரான சாட்சியாகிறது. மருத்துவ விடுவிப்புக்கும் வழக்கமான ஓய்வுக்கும் இடையிலான தெரிவு, உண்மையில் வெளியேறும் ஆண்டில் அன்றி, முதல் வலியைச் சொல்வதா மறைப்பதா என்று அவர் யோசித்த நாளிலேயே நிகழ்ந்துவிடுகிறது.

மனநலப் பாதிப்புகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க்காலப் படையினரிடையே அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு சுமார் 6 சதவீதத்தினரிடம் காணப்பட்டது. நேரடிப் போர்ப் பணியில் ஈடுபட்டுப் பின்னர் படையை விட்டு விலகியவர்களிடையே அது சுமார் 17 சதவீதமாக இருந்தது.

இவர்களில் பலர் தமது நோயை உணரும்போது சீருடையைக் கழற்றிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அவர்கள் பதிவேட்டில் நல்ல உடல்நலத்துடன் வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள். தாமதமாக வெளிப்படும் நோய்களுக்கு விதிகளில் இடம் உண்டு. காத்திருப்பில் உள்ள ஓய்வூதியத்தை உடல்நலக் காரணத்துக்காக முன்கூட்டியே பெறவும் வழி உண்டு. ஆனால் வெளியேறிய முறையைப் பின்னோக்கி மாற்றுவது எளிதல்ல.

வெளிநாட்டுச் சிப்பாய்களும் குடியுரிமைக் கேள்வியும்

காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்து பிரிட்டிஷ் படைகளில் சேர்ந்தவர்களுக்கு இந்த விவகாரத்தில் மேலும் ஒரு பரிமாணம் இருக்கிறது. பிரிட்டனில் ஐந்து ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தி, காமன்வெல்த் நாடுகளிலிருந்து ஆண்டுக்கு 1,350 பேர் வரை சேர்க்கப் போவதாகப் பாதுகாப்பு அமைச்சகம் 2018 நவம்பரில் அறிவித்தது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் குடிமக்களும் காமன்வெல்த் பிரஜைகள் என்பதால், உலகத் தமிழர்களுக்கும் இது தொடர்பற்ற செய்தி அல்ல.

சேவையில் இருக்கும்வரை அவர்களுக்குக் குடிவரவுக் கட்டுப்பாடு கிடையாது. சேவை முடிந்த நாளிலிருந்து அந்த விலக்கு போய்விடும். நான்கு ஆண்டுகள் பணியாற்றியவர்கள் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்கான கட்டணம் ஒரு கட்டத்தில் ஒருவருக்கு 2,389 பவுண்டாக இருந்தது. பல ஆண்டுகள் நீடித்த பிரசாரத்துக்குப் பின்னர், ஆறு ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்கும், சேவையால் ஏற்பட்ட பாதிப்பு காரணமாக மருத்துவ விடுவிப்புப் பெற்றவர்களுக்கும் இந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ரத்துச் செய்யப்பட்டது. குடும்பத்தினரை அந்த முடிவு உள்ளடக்கவில்லை.

ஐந்து ஆண்டுகள் பணியாற்றிக் காயத்துடன் வெளியேறும் ஒரு காமன்வெல்த் சிப்பாயை எடுத்துக்கொண்டால், அவரது விடுவிப்புச் சான்றிதழில் இருக்கும் காரணம் ஓய்வூதியத்தோடு நிற்பதில்லை. பிரிட்டனில் தங்குவதற்கு அவர் கட்டணம் செலுத்த வேண்டுமா என்பதையும் அது தீர்மானித்துவிடும்.

இந்தியாவில் நீதிமன்றங்கள் எடுத்த நிலைப்பாடு

இதே பிரச்சினை இந்தியாவில் இன்னும் வெளிப்படையாக நீதிமன்றங்களில் விவாதிக்கப்பட்டிருக்கிறது. அங்கே சாதாரண சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டுகள் சேவை தேவை. சேவையால் ஏற்பட்ட அல்லது சேவையால் மோசமான பாதிப்பு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஊனமுற்றோர் ஓய்வூதியம் உண்டு.

1996ஆம் ஆண்டு முதல் பொருந்தும் வகையில், இந்தச் சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்கும் சலுகையை இந்திய அரசு 2001ஆம் ஆண்டில் அறிவித்தது. 50க்குக் குறைவாக இருந்தால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 ஆகவும், அதற்கு மேல் இருந்தால் 100 ஆகவும் கணக்கிடப்படும். ஆனால் உடல் தகுதியின்மையால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று அரசு கூறியது. அதே பாதிப்புடன் காலத்தை முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கு மறுக்கப்பட்டது.

ராம் அவதார் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் இந்த வேறுபாட்டை ஏற்க மறுத்தது. பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இச்சலுகை உண்டு என்று அது தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டில், தரம்வீர் சிங் வழக்கில், சேர்க்கையின்போது குறிப்பிடப்படாத நோய் பின்னர் ஏற்பட்டால், அது சேவையால் வந்தது என்றே அனுமானிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியிருந்தது. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு உட்பட, நாடெங்கும் உள்ள அமர்வுகளில் முன்னாள் படையினர் தொடுக்கும் வழக்குகளில் இத்தீர்ப்புகள் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன.

இருந்தும் அரசு வேறு வடிவங்களில் அந்த வேறுபாட்டைக் கொண்டுவந்தது. வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டுமே வரிவிலக்கு என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2019 ஜூனில் சுற்றறிக்கை வெளியிட்டது. அதை எதிர்த்து முன்னாள் படையினர் உச்ச நீதிமன்றத்தை நாடினர். 2023 செப்டம்பரில் வெளியான புதிய விதிகள், பாதிப்புடன் பணியில் தொடர்ந்து பின்னர் ஓய்வு பெறுபவர்களுக்கான தொகைக்குத் தனிப்பெயரும் தனிக் கணக்கீடும் அளித்தன.

அரசின் தரப்பிலும் வாதம் இருக்கிறது. ஓய்வு பெறும் இராணுவ அதிகாரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம் வழங்கப்படுவதை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டியிருந்தார். சிப்பாய்களிடையே இந்த விகிதம் அதைவிட மிகக் குறைவு. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் போன்ற வாழ்க்கைமுறை நோய்களுக்கும் இச்சலுகை விரிவடைந்துவிட்டது என்பது அதிகாரிகளின் கவலை. சலுகையைத் தவறாகப் பயன்படுத்துபவர்களைக் காரணம் காட்டி, உண்மையில் காயமடைந்தவர்களைத் தண்டிக்கக் கூடாது என்பது முன்னாள் படையினரின் பதில்.

அமெரிக்காவும் இலங்கையும்

அமெரிக்காவிலும் இதன் எதிரொலி உண்டு. அங்கே 20 ஆண்டுகள் பணியாற்றி, 50 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு மதிப்பீடு பெற்றவர்கள், ஓய்வூதியத்தையும் ஊனத்துக்கான கொடுப்பனவையும் முழுமையாகப் பெறும் நிலை 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் படிப்படியாக உருவானது. ஆனால் போரில் காயமடைந்து, அதனாலேயே 20 ஆண்டுகளை எட்ட முடியாமல் மருத்துவ ஓய்வு அளிக்கப்பட்டவர்களுக்கு, ஒன்று மற்றொன்றிலிருந்து கழிக்கப்படும் முறை நீடித்தது. இதை மாற்றுவதற்கான மசோதா, 2021ஆம் ஆண்டில் புற்றுநோயால் இறந்த மேஜர் ரிச்சர்ட் ஸ்டாரின் பெயரில் அமெரிக்கக் காங்கிரஸில் மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டுள்ளது. அதற்குத் தடையாகச் சொல்லப்படுவது செலவு.

இலங்கையில் 2016 நவம்பரில், 12 ஆண்டுகள் சேவையை நிறைவு செய்வதற்கு முன்னரே அங்கவீனமுற்று வெளியேறிய சிப்பாய்கள் ஆயுள்கால ஓய்வூதியம் கோரிக் கொழும்பில் போராட்டம் நடத்தினர். அவர்கள்மீது போலீசார் தண்ணீரைப் பாய்ச்சிக் கலைத்த காட்சி நாட்டில் சர்ச்சையை ஏற்படுத்தியது. போரை வென்றதாகக் கொண்டாடப்பட்ட படையினருக்கே ஆண்டுக் கணக்கு ஒரு தடையாக நின்றதை அந்தச் சம்பவம் காட்டியது. அதே போரில் உறுப்புகளை இழந்த தமிழ்ப் பொதுமக்களுக்கும் முன்னாள் போராளிகளுக்கும் அத்தகைய கோரிக்கையை முன்வைக்க ஓய்வூதியத் திட்டம் என்ற ஒன்றே இருக்கவில்லை.

தீர்வு எங்கே?

இந்த நாடுகளின் அனுபவங்களை ஒப்பிட்டால், ஒரு பொதுவான போக்கு தெரிகிறது. நிர்வாகத்துக்குத் தெளிவான எல்லைக்கோடுகள் தேவை. 12 ஆண்டுகள், 15 ஆண்டுகள், 20 ஆண்டுகள், 22 ஆண்டுகள் என்று ஏதோ ஓர் இடத்தில் கோடு போட்டாக வேண்டும். ஆனால் காயம் அந்தக் கோடுகளைப் பார்த்து வருவதில்லை.

பாதிப்புக்கான காரணத்தையும் கடுமையையும் மட்டும் பார்க்கும் ஒரு முறை இருக்குமானால், ஒருவர் எந்த வழியில் வெளியேறினார் என்பது முக்கியத்துவம் இழக்கும். பிரிட்டனின் இழப்பீட்டுத் திட்டம் அந்தத் திசையில் ஒரு பகுதி தூரம் சென்றிருக்கிறது. ஓய்வூதியமும் வருமான வரியும் அவ்வளவு தூரம் செல்லவில்லை. வேலை செய்ய இயலாதவருக்கு உடனடி உதவி தேவை என்ற நியாயமான காரணம் அதன் பின்னால் இருக்கிறது. காயத்துடனும் பணியைத் தொடர்ந்தவர், தொடர்ந்த காரணத்துக்காகவே ஏன் கூடுதல் வரி செலுத்த வேண்டும் என்ற கேள்விக்கு அந்தக் காரணம் பதிலாகாது.

அதுவரையில், சீருடையில் இருப்பவர்களுக்கு விதிகள் விட்டுவைத்திருக்கும் தற்காப்பு சிறியது. ஒவ்வொரு காயத்தையும் அது நேர்ந்த நாளிலேயே பதிவு செய்வது, விலகல் அறிவிப்பில் கையெழுத்திடும் முன்னர் இரு வழிகளுக்குமான கணக்கை எழுத்தில் கேட்டுப் பெறுவது, இழப்பீட்டுக்கான ஏழு ஆண்டு அவகாசத்தை நினைவில் வைத்திருப்பது ஆகியவையே அவை.

வலியை வெளியே சொல்லாமல் இருப்பதை வீரமாகக் கற்பிக்கும் ஓர் அமைப்பு, பின்னர் அந்த வலிக்கு ஆதாரம் எங்கே என்று கேட்கிறது. செல்சீயின் பழைய கட்டடத்தில் முதுமையும் காயமும் ஒரே வாசல் வழியாகவே உள்ளே சென்றன. இன்றைய சட்டங்களில் அந்த வாசல் இரண்டாகி இருக்கிறது. எந்த வாசலில் தாம் நிறுத்தப்படுவோம் என்பதை அறியாமலே பல சிப்பாய்கள் வரிசையில் நிற்கிறார்கள்.